பாதிப் படுக்கை

தூக்கப் பரிசோதனைக்கு அந்தப் பெரியவர் பகலில்தான் வந்தார். அவரும் மனைவியும் காலமெல்லாம் ஒரே ஆலையில் இரவு ஷிப்ட்; ஓய்வு பெற்ற பிறகும் பகலில்தான் அவருக்குக் கண் அசரும். மகள் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே போய் உட்கார்ந்தாள். டெக்னீஷியன் பெண் ஜன்னல் திரைச்சீலையை இழுத்துவிட்டு, அவர் தலையிலும் மார்பிலும் ஒயர்களை ஒட்டினாள். அறையில் ஸ்பிரிட் வாடை.

"குறட்டைதானே சார் பிரச்சனை?"

"நடுவுல மூச்சு நின்னுடுதாம். பொண்ணு பயப்படுறா. எனக்கென்ன பயம்? நின்னா என் வீட்டுக்காரி முழங்கையால ஒரு இடி இடிப்பா."

"அவங்க வரலையா?"

"போன வருஷம் செத்துட்டா." மழை பெய்தது என்பதுபோலச் சொன்னார். "இடிக்கிறத மட்டும் விடல."

வயசான காலத்தில் ஆளுக்கொரு ஆறுதல் என்று நினைத்தபடி அவள் கண்ணாடித் தடுப்புக்கு மறுபக்கம் வந்து உட்கார்ந்தாள்.

ஸ்பீக்கர் வழியே அவர் குறட்டை அறையைத் தூக்கியது. சட்டென்று நின்றது. அவளுக்கு இது பழகிய விஷயம்தான். தொண்டை அடைத்துக்கொள்ளும், வயிறு மட்டும் எக்கிக்கொண்டிருக்கும்.

ஆனால் அவர் மூக்கு நசுங்கியிருந்தது.

கன்னத்தில் விரல் விரலாகப் பள்ளங்கள்.

பக்கத்தில் யாருமில்லை.

மெல்லப் பள்ளங்கள் மறைந்தன. யாரோ இடித்ததுபோல் விலா ஒருமுறை குலுங்கியது. அவர் மூச்சை வாரி இழுத்தார்.

அவள் உள்ளே ஓடினாள்.

"சார், எழுந்திருங்க. போதும்."

"இடிச்சாளா?"

சொல்லாமல் விட்டிருக்கலாம். வாய் நிற்கவில்லை.

"இடிக்கிறது அப்புறம்தான் சார். மூச்சு தானா நிக்கல. மொதல்ல மூக்கையும் வாயையும் பொத்துறாங்க."

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டே கிடந்தார். அழுகையோ கோபமோ எதுவும் வரவில்லை.

"என் குறட்டையில அவ ஒரு நாளும் ஒழுங்காத் தூங்கினதில்லம்மா. மெஷின் முன்னாடி நின்னுக்கிட்டே தூங்கி ஏச்சு வாங்குவா."

"டாக்டரைக் கூப்பிடுறேன்."

"வேணாம். அவ தூங்கட்டும். நான் முழிச்சிருக்கேன்."

ஒயர் அவிழாமல் நகர்ந்து, பாதிப் படுக்கையைக் காலியாக விட்டு, ஓரமாகப் படுத்தார்.

அவள் வெளியே வந்து தன் நாற்காலியில் விழுந்தாள். கண்ணாடிக்கு அப்பால் அவர் கண்கள் திறந்தே இருந்தன. வாயை இறுக மூடியிருந்தார்.

ஸ்பீக்கரில் ஒரு பெண்ணின் மெல்லிய குறட்டை கேட்டது.