சிவப்பு விளக்குக்குக் கம்பளிப் போர்வை

எங்கள் வீட்டு வீடியோ கேம் பெட்டிக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. பொய் சொல்லவில்லை. தொட்ட கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டேன். தோசைக்கல் மாதிரி கொதித்தது.

அதைவிட வினோதம், அதன்மேல் கிடந்த போர்வை. கேமரன் மலைக்குப் போகும்போது மட்டும் அப்பா எடுக்கும் தடித்த கம்பளி அது. மாடி அலமாரியில் இருந்தது கீழே எப்படி வந்தது? மலேசியாவில், அதுவும் எங்கள் பெட்டாலிங் ஜெயா வெக்கையில் யாருக்குக் குளிர்கிறது?

நான் டியூஷனுக்குப் புறப்பட்டபோது ஜன்னல்கள் திறந்திருந்தன, டிவி ஓடிக்கொண்டிருந்தது. திரும்பி வந்தால் டிவி அணைந்திருந்தது. திரைச்சீலைகள் எல்லாம் இழுத்து மூடப்பட்டிருந்தன. சாயங்காலம் ஐந்து மணிக்கே வீடு கும்மிருட்டு.

அந்த இருட்டில், சாப்பாட்டு மேசைக்கு அடியில், மீனலோசனி முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மீனு என் பெரியம்மா மகள். ஒன்பது வயது. யாழ்ப்பாணத்தில் சண்டை நடந்ததால் எங்களோடு இருந்து படிக்க வந்தவள். வந்து மூன்று வாரம்தான் ஆகிறது. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வாள், அதுவும் அளந்துதான்.

"மீனு, நீயா இதை மூடினே?"

இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"பின்னே யாருலா? அப்பா, அம்மா ரெண்டு பேரும் வேலைக்குப் போயிட்டாங்களே!"

அவள் கண்ணை உயர்த்திக் கூரையைப் பார்த்தாள். "அது வந்தது, அக்கா" என்றாள் மெல்ல.

"எது?"

அவள் மறுபடி கூரையைப் பார்த்தாள். நானும் அண்ணாந்து பார்த்தேன்.

டிவியைப் போட்டேன். விளையாட்டில் என் வீரனின் முகத்தைக் காணோம். முகம் இருந்த இடத்தில் வெறும் கட்டங்கள் துடித்தன. வாள் தனியாக மிதந்தது. பிறகு எல்லாம் உறைந்துபோய்விட்டது.

அந்த விளையாட்டில் பன்னிரண்டு கோட்டைகள். பெட்டியை அணைத்தால் மறுபடி முதல் கோட்டைதான். அதனால் விளையாட்டை நிறுத்தி வைத்துவிட்டு, பெட்டியை அணைக்காமல் போவது என் வழக்கம். "இந்தச் சிவப்பு விளக்கு எரிஞ்சிக்கிட்டே இருக்கணும். யாராச்சும் ஆஃப் பண்ணா தொலைச்சிடுவேன்!" என்று மீனு வந்த அன்றே மிரட்டி வைத்திருந்தேன். பதினோரு வயதில் எனக்கு அவ்வளவு வாய்.

மறுநாள் அப்பாவோடு பிரிக்பீல்ட்ஸில் டிவி ரிப்பேர் செய்யும் கௌஸ் அங்கிளிடம் போனேன்.

"மெஷினும் மூச்சு விடணும்மா" என்றார் அவர். "அடியில இந்த ஓட்டைங்க எதுக்கு இருக்கு? சூடு வெளியே போகத்தான். இன்னொரு தரம் இப்படிக் கொதிச்சா உள்ளே கருகிடும். அப்புறம் என்கிட்ட கொண்டு வராதே."

"இன்னொரு தரம் சுட்டுச்சுன்னா பெட்டி அலமாரி மேல போயிடும், ரமணி" என்றார் அப்பா. அவர் சொன்னால் சொன்னதுதான்.

வியாழக்கிழமை டியூஷன் முடிந்து வந்தேன். வீடு இருட்டாக இருந்தது. பெட்டிமேல் போர்வை கிடந்தது. நல்லவேளை, இந்தத் தடவை சூடு கொஞ்சம் குறைவு.

நான் கேட்காமலே மேசைக்கு அடியிலிருந்து குரல் வந்தது. "இண்டைக்கும் வந்தது."

பள்ளியில் என் தோழி மைமூனிடம் சொன்னேன். அவள் கண்களை உருட்டினாள். "வெளிச்சம் பிடிக்காத ஏதோ ஒண்ணு உங்க வீட்ல இருக்குலா."

"பேய்க்கு எதுக்குக் கம்பளி?" என்று சிரித்தேன்.

அதற்குள் மறுபடி ஒன்பதாவது கோட்டை வரை பிடித்திருந்தேன். திங்கட்கிழமை விளையாட்டை நிறுத்தி வைத்துவிட்டு, டியூஷன் பையை மாட்டிக்கொண்டு முன்வாசல் வழியாகப் போனேன். பின்வாசல் வழியாக வந்து சோபாவின் பின்னால் பதுங்கினேன். தெரிந்தால் அம்மா தோலை உரித்துவிடுவார். ஆனாலும் அது என்னவென்று பார்க்காமல் இருக்க முடியவில்லை.

நாலரை மணி. மழை வரும் முன்னால் வானம் கறுத்தது. வீட்டுக்குள் எதுவும் அசையவில்லை.

கண்ணாடி அலமாரியில் தம்ளர்கள் தாமாக நடுங்கின. கிண்... கிண்... கிண்... கூரைக்கு மேலே எதுவோ உறுமிக்கொண்டு நெருங்கியது. நான் சோபாவோடு ஒட்டிக்கொண்டேன்.

படிகளில் தடதடவென்று காலடிச் சத்தம். தன்னைவிடப் பெரிய போர்வையை இழுத்துக்கொண்டு ஓடி வந்தாள் மீனு!

திரைச்சீலைகளை மூடினாள். டிவியை அணைத்தாள். இருட்டில் சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தது. அதன் சுவிட்சை நோக்கி அவள் விரல் போனது. பாதியில் நின்றது. பிறகு பெட்டியின்மேல் போர்வையைப் போட்டு, துளி வெளிச்சமும் கசியாதபடி ஓரங்களை அமுக்கினாள். மேசைக்கு அடியில் பாய்ந்து காதைப் பொத்திக்கொண்டாள்.

உறுமல் வீட்டைக் கடந்து போனது. அப்போதுதான் அது என்னவென்று எனக்குப் புரிந்தது. சுபாங் விமான நிலையத்தில் இறங்கும் விமானம்! பிறந்ததிலிருந்து கேட்டுப் பழகியதால், வழக்கமாக அந்தச் சத்தம் என் காதில் விழுவதே இல்லை.

தவழ்ந்து மேசைக்கு அடியில் போனேன். அவசரத்தில் மண்டையை நன்றாக இடித்துக்கொண்டேன்.

"மீனு, அது ஏரோப்ளேன்லா. ஆளுங்க மூட்டை முடிச்சோட வந்து எறங்குறாங்க."

"தெரியும், அக்கா. நானும் அதிலதானே வந்தனான்" என்றாள். காதில் வைத்த கையை அவள் இன்னும் எடுக்கவில்லை. "ஆனா தனியா இருக்கேக்க சத்தம் கேட்டா என்ர கை சொல்லுக் கேக்காது. அங்க குண்டு போட பொம்பர் வந்தா, ஒரு பொட்டு வெளிச்சமும் தெரியக்கூடாது."

"அப்ப சுவிட்சை அணைச்சிருக்கலாமே? ஏன் போர்வை?"

"நீங்கள்தானே அணைக்கக்கூடாது எண்டு சொன்னீங்கள்? உங்கட ஒன்பதாவது கோட்டை போயிடுமே."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவ்வளவு பயத்திலும் என் கோட்டையைக் காப்பாற்றியிருக்கிறாள். நானோ, தொலைத்துவிடுவேன் என்று மிரட்டியிருக்கிறேன்.

வெளியே வந்தேன். போர்வையை எடுத்தேன். பெட்டி சுடத் தொடங்கியிருந்தது. சுவிட்சை நானே அணைத்தேன்.

"ஐயோ, அக்கா! கோட்டை!"

"போனா போகுது. மறுபடி பிடிச்சிக்கலாம். ரெண்டு பேரும்."

அப்பாவின் கருவிப் பெட்டியில் கறுப்பு டேப் இருந்தது. ஒரு துண்டு வெட்டிச் சிவப்பு விளக்கின்மேல் ஒட்டினேன். பெட்டியின் நான்கு மூலைகளுக்கும் அடியில் கேரம் காய்கள் வைத்தேன்.

"இப்ப போர்வை வேணாம். வெளிச்சமும் தெரியாது, மெஷினும் மூச்சு விடும். போட்டுப் பாரு."

மீனு சுவிட்சைப் போட்டாள். தரையில் படுத்துப் பார்த்தாள், நாற்காலிமேல் ஏறிப் பார்த்தாள். பள்ளிக்கு வரும் இன்ஸ்பெக்டர் தோற்றார்.

"ஓம். தெரியேல்ல" என்றாள்.

அதன் பிறகு விமானச் சத்தம் கேட்டபோதெல்லாம் திரைச்சீலைகளை இருவரும் சேர்ந்தே மூடினோம். நான் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். பெட்டி ஒருநாளும் கொதிக்கவில்லை.

இரண்டு மாதம் கழிந்தது. ஒரு நாள் டியூஷனிலிருந்து வந்தேன். திரைச்சீலைகள் திறந்தே இருந்தன. தம்ளர்கள் கிண் கிண் என்றன, கூரைக்கு மேலே உறுமல் கேட்டது. மீனு டிவி முன்னால் உட்கார்ந்து பத்தாவது கோட்டையில் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பெட்டியில் சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிந்தது. கறுப்பு டேப் சின்ன உருண்டையாகப் பக்கத்தில் கிடந்தது.

மேசை விசிறி பெட்டியைப் பார்த்துச் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் நெற்றியிலோ வியர்வை வழிந்தது.

"மீனு, விசிறியை உன் பக்கம் திருப்பேன்!"

"எனக்கு வெக்கை பழகிட்டுது, அக்கா" என்றாள் மீனு. "பெட்டிதான் பாவம்."