செவ்வாயில் ஒரு முண்டு மிளகாய்

கண் விழித்ததும் சுவர் வழக்கமான கேள்வியைக் கேட்டது. இன்றைய வெளிச்சப் பங்கு எந்த அறைக்கு? முழுவதும் வளர்ப்பறைக்கு என்று மரகதவல்லி வழக்கமான பதிலைச் சொன்னாள். பிறகு இருட்டிலேயே பல் தேய்த்து, இருட்டிலேயே தலை வாரி, கணவனுடைய சட்டையைத் தன்னுடையது என்று மாட்டிக்கொண்டு வந்தாள். செவ்வாய்க் குடியிருப்பில் வெளிச்சம் ஆளுக்கு இவ்வளவு என்று அளந்துதான் வரும். பிள்ளையின் படிப்புக்காகத் தன் பங்கை விட்டுக்கொடுப்பவர்கள் உண்டு, நோயாளிக்காகக் கொடுப்பவர்கள் உண்டு. மிளகாய்ச் செடிக்குக் கொடுத்தவள் இவள் ஒருத்திதான்.

அங்கே காரம் என்றால் நாக்கின் அடியில் பதித்த சுவைச்சில்லு கொடுக்கும் சுருக்கென்ற மின்சாரம். பாசிக்கூழை விழுங்கும்போது மீன்குழம்பு என்று நினைத்தால் மீன்குழம்பு. கண்ணில் நீர் வராது, மூக்கு ஒழுகாது, வயிறும் எரியாது. மரகதவல்லிக்கு அதைக் காரம் என்று ஒப்புக்கொள்ள மனமில்லை. பூமியிலிருந்து கிளம்பும்போது ஒரு பிடி முண்டு மிளகாய் விதையை முந்தானையில் வைத்துத் தைத்துக்கொண்டு வந்திருந்தாள். உருண்டையாக, ஆட்டினால் உள்ளே விதை கலகலக்கும் கமுதிப் பக்கத்து மிளகாய். பூமியில் இப்போது அதுவும் இல்லை. மறுவிதை தராத கம்பெனி மிளகாய்தான் எங்கும் விளைகிறது என்று தகவல் வந்துவிட்டது. ஆக, அவள் முந்தானையில் இருந்ததுதான் அந்த வகையின் கடைசி விதை.

எச்சரிக்கையாகக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விதைத்தாள். முதலில் போட்டவை மண்ணிலேயே அழுகின. அடுத்தவை முளைத்து இரண்டு இலை விட்டுத் தலை சாய்ந்தன. ஒவ்வொரு தடவையும் இந்த முறை வந்துவிடும் என்று போட்டுப் போட்டு விதை தீர்ந்துபோனது. கடைசியாக மிஞ்சிய ஒன்றுதான் செடியாக நின்றது. அதுவும் பூத்துப் பூத்து உதிர்த்தது. வண்டு இல்லை, காற்று இல்லை, மகரந்தம் எப்படிச் சேரும்? தன் கண்மை தீட்டும் குச்சியால் பூவுக்குப் பூ தொட்டுவிட்டாள். ஒரே ஒரு பூ பிடித்தது. அது காயாகி, காம்படியில் லேசாகச் சிவக்கத் தொடங்கியிருந்தது. உள்ளே விதை இன்னும் வெள்ளையாக, முற்றாமல் இருக்கும். காய் செடியிலேயே கிடந்து பழுத்து வற்ற வேண்டும். அதுவரை செடி உயிரோடு இருக்க வேண்டும். அவள் வேண்டியது அவ்வளவுதான்.

ஒரு காய்க்கு இத்தனை கூட்டம் வரும் என்று யார் கண்டார்? குடியிருப்பே திரண்டு பார்க்க வந்தது. வெறுங்கையோடு ஒரு வீட்டுக்குப் போகக் கூடாது என்பதைச் செவ்வாய்க்குப் போயும் நம் ஆட்கள் விடவில்லை. அங்கே பழம், பூ, இனிப்பு எதுவும் கிடையாது. எல்லோரிடமும் இருப்பது அளந்து கொடுக்கும் தண்ணீர். ஆளுக்கு ஒரு மடக்கு கொண்டுவந்து பாசத்தோடு தொட்டியில் ஊற்றி, "என்னமா வளர்ந்திருக்கு" என்று வாய் பிளந்துவிட்டுப் போனார்கள்.

அதற்குப் பிறகுதான் இலை சுருண்டது. முதலில் நுனிக்கொழுந்து, பிறகு அடியிலைகள். பச்சை போய் மஞ்சள் ஏறியது. மரகதவல்லிக்குச் சோறு இறங்கவில்லை. சோறு என்பது பாசிக்கூழ்தான் என்றாலும் இறங்கவில்லை. செடியின் தண்டில் பொருத்தியிருந்த செடிமானி ஒரே பதிலைத் திருப்பித் திருப்பிச் சொன்னது. வேரில் தண்ணீர் அதிகம், ஊற்றுவதை நிறுத்துங்கள், எதுவும் செய்யாமல் காத்திருங்கள். எதுவும் செய்யாமல் இரு என்பதை நம்மவர்கள் எந்தக் காலத்தில் வைத்தியமாக ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள்? ஊரார் தாகத்தை அடக்கிக்கொண்டு ஊற்றிய தண்ணீர் அது. அதனால் ஒரு செடி சாகும் என்பதை அவளால் நம்ப முடியவில்லை. பாசிக்காகச் செய்த கருவிக்கு மிளகாயைப் பற்றி என்ன தெரியும் என்று அதன் வாயை அடைத்தாள்.

பக்கத்து அறை பூரணம் வந்து பார்த்தாள். குடியிருப்பின் மரபணு மருத்துவர் அவள். இலையைத் திருப்பினாள், உருப்பெருக்கியில் பார்த்தாள். பூச்சி இல்லை, நோய்க்கிருமி இல்லை. கதவுப் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"மதினி, நான் சொன்னேன்னு வெளியில சொல்லாதீங்க. இது கண்ணு. ஊரே வந்து பாத்துச்சுல்ல? சுத்திப் போட்டாத்தான் சரியாகும்."

சுற்றிப் போட உப்பு இருந்தது. மிளகாய்க்கு எங்கே போவது? குடியிருப்பிலேயே ஒரு மிளகாய்தான். அது அந்தச் செடியில் தொங்கிக்கொண்டிருந்தது.

மரகதவல்லி அழுதாள். அழுதுகொண்டே கணக்கும் போட்டாள். செடி செத்தால் இந்தக் காயின் விதை முற்றாது, காய் இருந்தும் பயனில்லை. காயைக் கொடுத்துச் செடியைக் காப்பாற்றிவிட்டால் இன்னும் நாலு மொட்டு இருக்கிறது, நூறு காய்க்கும். பைத்தியக்காரக் கணக்குத்தான், ஆனால் கூட்டல் கழித்தல் சரியாக இருந்தது. கணவன் கருணாகரனிடம் சொன்னாள். அவன் காற்றுக்காவல் நிலையத்தில் பொறியாளர். மற்ற நாளாக இருந்தால் சிரித்திருப்பான். சாப்பிடாமல் ஒடுங்கிப்போயிருந்த அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிக்கவில்லை. நெருப்பு மூட்டுவது அங்கே பெருங்குற்றம். அவன் யாருக்கும் தெரியாமல் வளர்ப்பறையின் தீயுணரியை அணைத்துவைத்தான்.

மரகதவல்லி காம்போடு காயைப் பறித்தாள். சூட்டுத்தட்டில் அதைச் சுக்காக உலர்த்தினாள். திருஷ்டி கழிக்கச் செவ்வாய்க்கிழமைதான் விசேஷம் என்பார்கள். இவர்கள் குடியிருப்பதே செவ்வாய் என்பதால் நாள் பார்க்கவில்லை. உப்பையும் மிளகாயையும் உள்ளங்கையில் மூடி, பூரணம் செடியை இடமாக மூன்று, வலமாக மூன்று சுற்றினாள். கடைசியில் கையை மரகதவல்லியிடம் நீட்டினாள். அவள் மூன்று முறை துப்பினாள்.

"நெடி வராது பாருங்க மதினி," என்றாள் பூரணம். "நெடி வந்தா கண்ணே இல்லன்னு அர்த்தம். இவ்வளவு கண்ணு பட்டதுக்கு ஒரு தும்மல்கூட வராது."

மிளகாய் பழுக்கக் காய்ந்த சூட்டுத்தட்டில் விழுந்து கருகியது.

முதலில் தும்மியது பூரணம். அடுத்து கருணாகரன். பிறகு மூவரும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமினார்கள். அசல் கமுதி மிளகாயின் நெடி தொண்டையைக் கிழித்து, மூக்கில் ஏறி, கண்ணில் கொட்டியது. மரகதவல்லிக்கு ஒரு கணம் சந்தோஷமாகக்கூட இருந்தது. பூமியை விட்டு வந்தபின் அவளுக்குக் கிடைத்த முதல் காரம் அது.

அப்போது சுவர் பேசியது. நச்சுவாயு, அறையைக் காலி செய்யுங்கள், காற்று வெளியேற்றப்படும். தீயுணரியை அணைத்த கருணாகரன் நச்சுணரியை மறந்திருந்தான். மரகதவல்லி தொட்டியைப் பற்றி இழுத்தாள். தொட்டி சுவரோடு திருகாணியால் பொருத்தப்பட்டிருந்தது, வரவில்லை. செடியை வேரோடு பிடுங்கிக்கொண்டு ஓட அவளுக்குக் கை வரவில்லை. அதற்குள் கருணாகரன் அவளை இடுப்போடு தூக்கி வெளியே இழுத்துவிட்டான். கண்ணாடிக் கதவு மூடியது. உள்ளே இருந்த காற்று செவ்வாயின் வெட்டவெளிக்குப் போனது, வெளியே இருந்த குளிர் உள்ளே வந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இலைகள் விறைத்தன. மொட்டுகள் கறுத்தன.

அவள் கதவில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள். சத்தம் கேட்டுக் கூடம் முழுக்க ஆட்கள் வந்து நின்றார்கள். கதவு மூடுவதற்குள் வெளியே வந்துவிட்ட நெடியில் அவர்களும் இருமினார்கள், தும்மினார்கள், கண்ணைக் கசக்கினார்கள். பூரணத்துக்கு மூக்கு நிற்காமல் ஒழுகியது. நெடியைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை.

கருணாகரன் மனைவியின் தோளைப் பிடித்து நிமிர்த்தினான். இருமல் அடங்க வெகுநேரம் ஆனது. அடங்கியதும், தொண்டையைச் செருமிக்கொண்டு, தளர்ந்துபோன குரலில் சொன்னான்.

"எப்படி இருந்த செடி. எவன் கண்ணு பட்டுச்சோ."

கூட்டம் உச்சுக்கொட்டி ஆமோதித்தது. மரகதவல்லியும் இருமிக்கொண்டே தலையாட்டினாள்.