வெட்டாத பக்கங்கள்

கடைசிப் பக்கம் திறக்க மறுத்தது.

வாசகர் கூட்டத்துக்குக் கிளம்ப இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. சாயங்கால வெளிச்சம் சன்னல் கம்பிகளுக்கு நடுவே நுழைந்து மேசைமேல் சாய்ந்து கிடந்தது. வக்கீலம்மா வழக்கம்போல நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, புது நாவலின் பின்னட்டையைப் படித்து, முதல் இரண்டு பக்கங்களில் கண்ணை ஓட்டிவிட்டு, நேராகக் கடைசிக்குத் தாவினார். அவர் புத்தகம் படிக்கிற முறையே அதுதான். அந்தக் கொஞ்சத்தை வைத்துக்கொண்டு அரைமணி நேரம் பேசிவிடுவார். கேட்கிறவர்கள் அவர் முழுப் புத்தகத்தையும் கரைத்துக் குடித்துவிட்டதாக நம்பி வாயைப் பிளப்பார்கள். கட்சிக்காரரின் வழக்குக் கட்டைச் சரியாகப் புரட்டாமலே ஜெயித்தவருக்கு ஒரு நாவல் எம்மாத்திரம்?

இன்றைக்குக் கடைசித் தாளும் அதற்கு முந்தைய தாளும் ஓரத்தில் சேர்ந்திருந்தன. பசையும் இல்லை, ஈரமும் இல்லை. நகத்தால் நெருடிப் பார்த்தார். இரண்டும் ஒரே தாள். மடித்த மடிப்பு வெட்டப்படாமல் அப்படியே இருந்தது. அச்சகத்தில் மறந்துவிட்டார்கள் போலும் என்று விரலை உள்ளே விட்டுக் கிழிக்கப் பார்த்தார். காகிதம் இழுபட்டதே தவிரக் கிழியவில்லை.

"என்னங்க, இதைக் கொஞ்சம் பாருங்க."

கூடத்தில் டிவி பார்த்துக்கொண்டிருந்த கணவர் எழுந்து வந்தார். புத்தகத்தை வாங்கிக் கட்டைவிரலால் சரசரவென்று விசிறிவிட்டார். எல்லாப் பக்கங்களும் தடையில்லாமல் புரண்டன.

"நல்லாத்தானே இருக்கு? எப்படியும் கண்ணாடிக் கடைக்குத்தானே போற, அப்படியே உன் கண்ணையும் காட்டிட்டு வா," என்று சிரித்தபடி திரும்பிப் போய்விட்டார்.

புத்தகம் வக்கீலம்மாவின் கைக்குத் திரும்பியதும் அந்தப் பக்கம் மறுபடியும் மூடிக்கொண்டது. வெட்டாத பக்கம் என்றால் அவருக்கு ஒரே ஒருத்தியின் ஞாபகம்தான் வரும். அவள் இப்போது உயிரோடு இல்லை.

வாசகர் கூட்டத்தார் சனிக்கிழமைதோறும் சாயங்காலம் மூக்குக்கண்ணாடிக் கடையின் மாடியில் கூடுவார்கள். ஒவ்வொருவரும் தான் படித்துக்கொண்டிருப்பதைச் சொல்லவேண்டும். பிறகு தனக்குப் பிடித்த ஒரு புத்தகத்தை இன்னொருவருக்குச் சிபாரிசு செய்து, தன் சொந்தப் பிரதியையே கையில் கொடுக்கவேண்டும். கூட்டத்தில் ஒரு தையல்காரி இருந்தாள். ஒல்லியாக இருப்பாள் என்பதால் எல்லாரும் அவளை ஊசி என்றே கூப்பிட்டார்கள். அட்டையில் தொடங்கி அச்சகத்தின் விலாசம்வரை ஓர் எழுத்தை விடமாட்டாள். அவளுக்கு வக்கீலம்மா ஒரு பழைய தடித்த நாவலைக் கொடுத்து, தான் அதைப் பலமுறை படித்து அழுததாகவும் சொல்லி வைத்தார்.

அடுத்த கூட்டத்திலேயே ஊசி எல்லார் முன்னாலும் கேட்டாள். "அக்கா, நீங்க குடுத்த புக்ல முக்கால்வாசிப் பக்கம் வெட்டாம மடிப்பாவே இருந்துச்சு. என் கத்தரியை வச்சு வெட்டித்தான் படிச்சேன். நீங்க எப்படிக்கா படிச்சீங்க?"

அவள் விகல்பம் இல்லாமல்தான் கேட்டாள். ஆனால் ஓய்வுபெற்ற கண்டக்டர் சும்மா இருப்பாரா? "வக்கீலம்மா டிக்கெட்டே எடுக்காம கடைசி ஸ்டாப்பு வரைக்கும் போயிருக்காங்க!" என்றார். மாடியே சிரிப்பில் அதிர்ந்தது. வக்கீலம்மாவும் கூடவே சிரித்தார். அந்தச் சிரிப்பு மட்டும் அவருக்குத் தொண்டையில் முள்ளாக நின்றுவிட்டது.

அதற்கடுத்த சனிக்கிழமை, கூட்டத்தின் பொது அலமாரியிலிருந்து மூன்று நல்ல புத்தகங்களை எடுத்து யாரும் பார்க்காத நேரத்தில் ஊசியின் துணிப்பைக்குள் திணித்தார். பிறகு எல்லாரையும் வைத்துக்கொண்டு, அந்தப் பையைக் கொஞ்சம் கொட்டிக் காட்டச் சொல்லுங்கள் என்றார். புத்தகங்கள் தரையில் விழுந்தபோது ஊசிக்குப் பேச்சே வரவில்லை. வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது. கை நீளம் என்று பெயரெடுத்த தையல்காரியை நம்பி யார் துணி கொடுப்பார்கள்? தெருவில் ஒருத்தரும் கொடுக்கவில்லை. அவள் மிஷின் சத்தம் நின்றது. காய்ச்சலில் விழுந்தபோது எட்டிப் பார்க்க நாதியில்லை. கதவை உடைத்துப் பார்த்தபோது மிஷின் பக்கத்திலேயே விறைத்துக் கிடந்தாள். நான் என்ன அவளைக் கொன்றேனா என்று வக்கீலம்மா தன்னைத்தானே கேட்டுக்கொண்டு, அன்றைக்கு வயிறாரச் சாப்பிடவும் செய்தார்.

நாவலை மேசைமேல் போட்டுவிட்டு வழக்குக் கட்டை எடுத்தார். முதல் தாளே திறக்கவில்லை. செய்தித்தாளை எடுத்தார். நான்கு பக்கமும் ஒரே மடிப்பாக, எந்த ஓரத்திலும் வாய் இல்லாமல் இருந்தது. மாத்திரை டப்பாவுக்குள் இருந்த சின்னக் காகிதம்கூட விரியவில்லை. படிக்கப் பிடிக்காதவர்தான், ஆனாலும் படிக்கவே முடியாது என்று ஆனபோது அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. உள் அறையில், டிவியின் இரைச்சலுக்கு அடியில், பலகைமேல் விரித்த துணியைப் பெரிய கத்தரி நிதானமாக வெட்டிக்கொண்டே போகிற சத்தம். வெட்டி, கொஞ்சம் நகர்ந்து, மறுபடி வெட்டியது. கூடவே மிஷின் எண்ணெயின் வாசனை வந்தது, புதுத் துணியின் கஞ்சி வாசனையும் வந்தது. எட்டிப் பார்த்தார். அறை காலியாக இருந்தது. கட்டில்மேல் மடித்து வைத்த புடவைகள் மட்டும் இருந்தன.

உண்மையைச் சொல்லிவிடவேண்டும் என்று அந்த நிமிடமே முடிவு செய்தார். அத்தனை பேருக்கு எதிரில் பறித்த நல்ல பெயரை, அவர்களுக்கு எதிரிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டால் அவள் போய்விடுவாள். தன் மானம் கப்பலேறட்டும், பரவாயில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு கிட்டத்தட்ட ஓடினார்.

தெருவில் அந்தச் சத்தம் அவருக்குப் பின்னாலேயே வந்தது. அவர் நின்றால் அதுவும் நின்றது. கண்ணாடிக் கடையின் மாடிப்படியில் ஏறும்போது எண்ணெய் வாசனை மூக்கை அடைத்தது.

மேலே எல்லாம் எப்போதும்போலவே இருந்தது. சுவரில் கண் பரிசோதிக்கிற எழுத்துப் பலகையும், எதிர்ச்சுவரில் ஃப்ரேம் மாட்டிப் பார்க்கிற நீளமான நிலைக்கண்ணாடியும், வட்டமாகப் போட்ட நாற்காலிகளும் இருந்தன. வக்கீலம்மாவுக்கு இடப்பக்கத்து நாற்காலியில் மட்டும் யாரும் உட்காரவில்லை. அது ஊசியின் நாற்காலி. அதன் பிரம்பு முனகியது, யாரோ அதில் சாய்ந்து உட்கார்ந்ததுபோல.

கண்ணாடிக் கடைக்காரர் ஒரு பயணக் கதையைச் சொன்னார். கண்டக்டர் ஒரு துப்பறியும் நாவலைச் சிபாரிசு செய்துவிட்டு, கொலைகாரன் யாரென்று அவசரப்பட்டு உளறிவிட்டார். எல்லாரும் அவரைத் திட்டிச் சிரித்தார்கள். வக்கீலம்மா சிரிக்கவில்லை. சொல்லவேண்டியதை மனசுக்குள் திரும்பத் திரும்ப ஓட்டினார். அவ திருடலை. நான்தான் அவ பையில போட்டேன்.

"அடுத்தது வக்கீலம்மா," என்றார் கடைக்காரர். "என்ன படிச்சிட்டு இருக்கீங்க?"

எழுந்து நின்றார். மூச்சை இழுத்தார். சொல்லப் போனார்.

வாய் திறக்கவில்லை.

தாடையை அசைத்தார். உள்ளே நாக்கு புரண்டது, பல்லில் இடித்தது. உதடுகள் பிரியவில்லை. தொண்டையிலிருந்து ஒரு முனகல் கிளம்பி மூக்கு வழியாகக் கசிந்தது.

"தயங்காம சொல்லுங்கம்மா, டிக்கெட்டெல்லாம் கேக்க மாட்டேன்," என்றார் கண்டக்டர்.

நிலைக்கண்ணாடி நேரெதிரே இருந்தது. பார்க்கக் கூடாது. பார்த்தார்.

மூக்கு இருந்தது. மோவாய் இருந்தது. நடுவில் உதடுகள் இல்லை. வழவழவென்று தோல். ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னம்வரை, ஒரே மடிப்பு.

கையை வைத்துத் தடவினார். நகத்தால் பிறாண்டினார். இழுபட்டது. கிழியவில்லை.

மற்றவர்கள் யாரும் பதறவில்லை. அவர்கள் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. எதிரில் பொறுமையான முகங்கள். பேசப்போகிறார் என்று காத்திருக்கிறார்கள்.

வலது கையில் பாரம். குளிர்ந்த இரும்பு. கறுப்புப் பிடி. எப்போது வந்தது? விரல்கள் ஏற்கெனவே வளையங்களுக்குள் இருந்தன. உதறினார். விடவில்லை. அவர் கைமேல் இன்னொரு கை இருந்தது. ஒல்லியான கை. ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன விரல்நுனிகள். அது அவர் கையை உயர்த்தியது. அவசரமே இல்லாமல்.

கண்டக்டர் நன்றாகக் கேட்பதற்காக நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்த்திப் போட்டுக்கொண்டார். கத்தரி விரிந்தது. அதன் கூர் இடது கன்னத்தில் பதிந்து, மடிப்பு தொடங்குகிற இடத்தை நிதானமாகத் தேடியது.