ஏழாவது யோசனை

போன் அலறியது.

"ஏழாவது யோசனையை எடுத்துடு!" இயந்திரக் குரல். உயிரே இல்லாத குரல். "அஞ்சு மணிக்குள்ள... இல்லேன்னா ஆஸ்பத்திரியில உங்கம்மா கையில மாட்டியிருக்கே, அந்த மருந்து பம்ப்... வேகமா ஓடும்!"

தொடர்பு அறுந்தது.

மணி நாலு இருபது!

சொட்டுச் சொட்டாக மருந்து ஏற்றும் பம்புகளை இயக்கும் மென்பொருள் குழுவுக்கு அவள்தான் தலைவி. அந்த மென்பொருளை யாரும் படிக்கலாம், யாரும் திருத்தலாம். கோடை விடுமுறையில் மாணவர்கள் வந்து வேலை பழகப் போகிறார்கள். அவர்கள் செய்யவேண்டிய வேலைகளுக்கான யோசனைப் பட்டியல் ஐந்து மணிக்குள் பயிற்சி நடத்துபவர்களுக்குப் போய்ச் சேர வேண்டும்.

ஏழாவது யோசனை... மருந்தின் அளவைக் கணக்கிடும் பகுதியை வரி வரியாகச் சோதிப்பது.

சோதித்தால் ஏதோ வெளியே வரும்!

கதவு படாரென்று திறந்தது. துள்ளி எழுந்தாள்.

"நான்தான்க்கா!" இரண்டு காபியோடு சோடாபுட்டி. பட்டியலை அவளோடு சேர்ந்து தயாரிப்பவன். "என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி நிக்கறீங்க?"

சொன்னாள்.

"ஐயோ! எடுத்துடுங்க. அம்மா உசிரைவிடவா பட்டியல் பெருசு?"

"மத்தவங்க அம்மா?"

"உலகத்துக்கே இரக்கப்படாதீங்கக்கா! மத்தியானமும் இப்படித்தான். வேலை பழக வர்ற ஒரு காது கேக்காத பொண்ணு கெஞ்சினான்னு, அலாரம் அடிச்சா விளக்கும் எரியணும்ங்கற யோசனையை மூணாவதா சொருகினீங்க."

"பாவம்டா. வேற எந்தக் குழுவும் அவளைச் சேத்துக்கலை."

ஊரே பார்க்கும் பட்டியலை இணையத்தில் திறந்தாள்...

மேலிருந்து ஒவ்வொன்றாக எண்ணினாள்.

"சரி, எடுத்துடறேன் சோடா. முகம் கழுவிட்டு வரேன்."

வெளியே வந்ததும் ஓடினாள். ஆஸ்பத்திரியில் இருந்த தங்கைக்குப் போன்.

"பம்பைக் கழட்டச் சொல்லுடி! நர்ஸைக் கையால சொட்டு எண்ணி விடச் சொல்லு!"

"ஏன்க்கா அழற?"

"கேள்வி கேக்காத! ஓடு!"

காலடிச் சத்தம்... ஒரு முனகல்... பிறகு எதுவுமே இல்லை.

"அடியே... பேசுடி!"

"கழட்டியாச்சுக்கா. நீ சாப்டியான்னு அம்மா கேக்கறாங்க."

கடவுளே! சுவரில் சாய்ந்து கண்களைத் துடைத்தாள். அடுத்த போன், போலீசுக்கு.

நாலு ஐம்பதுக்கு இன்ஸ்பெக்டரும் ஏட்டும் வந்தார்கள். சோடாபுட்டியின் பையில் இன்னொரு போன்! அதில் அதே இயந்திரக் குரல்!

"எப்படிக்கா..." அவன் முகம் வெளிறியது.

"வெளியில இருக்கற பட்டியல்ல அது இன்னும் ஆறாவதுதான்டா. மூணாவதா அந்தப் பொண்ணோடதைச் சேத்தப்புறம்தான் ஏழாவதாச்சு. அந்தப் புதுப் பட்டியல் நம்ம ரெண்டு பேர்கிட்டதான் இருக்கு. அளவு பார்க்கற பகுதியை எழுதினதும் நீதான். அதுக்குள்ள என்னடா ஒளிச்சு வெச்ச?"

ஏட்டு விலங்கை எடுத்தார்.

நாலு ஐம்பத்தெட்டு. ஏழும் இருக்க, பட்டியலை அனுப்பினாள்.

விலங்கைப் பார்த்ததும் சோடாபுட்டி உளறினான். "சார்... நாங்க கம்ப்யூட்டர்காரங்க பூஜ்யத்துலேர்ந்து எண்ணுவோம்... ஏதோ குழப்பம்..."

ஏட்டு அவன் தோளில் தட்டினார்.

"உள்ள வந்து ஒண்ணுலேர்ந்தே எண்ணுங்க தம்பி... வருஷத்தை!"