சுவர்ப்பெட்டியில் மெர்சி

காலை ஐந்தரைக்கு முதல் பாட்டு. டீ குடித்துக்கொண்டே சூசைராயன் அதை நாலு தடவை ஓடவிடுவார். பிறகு ஆங்கில வரிகளைத் தமிழ் எழுத்தில் நோட்டில் எழுதி, வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பார். தூத்துக்குடிக் கரையிலிருந்து நாற்பது கிலோமீட்டர் தள்ளிக் கடலுக்குள் நிற்கும் காற்றாலைகளுக்குக் காவல் அவர் ஒருவர்தான். எவ்வளவு கத்தினாலும் கேட்க ஆளில்லை.

வாரம் ஒருமுறை சாமான் கொண்டுவரும் படகுக்காரன் பிச்சைமணிக்கு இது பெரிய வேடிக்கை.

"ஏன் அண்ணாச்சி, காதுல செவிமொழி கெடக்கு. எவன் என்ன பேசுனாலும் தமிழ்ல சொல்லிருது. வேற சோலி இல்லையா ஒமக்கு?"

"எம் மவ பேசுறத அவ வாயாலயே கேக்கணும்டே."

மெர்சியை ஆறு வயதில், தாய் இறந்த கையோடு, கனடாவுக்குச் சித்தியிடம் அனுப்பினார். இப்போது அவளுக்கு முப்பது. தமிழ் போன இடம் தெரியவில்லை. ஞாயிறுதோறும் சுவரில் மாட்டிய அழைப்புப்பெட்டியில் வந்து ஆங்கிலத்தில் பேசுவாள். செவிமொழி அவள் குரல் மாதிரியே இனிமையாகத் தமிழாக்கித் தரும். குடும்ப அழைப்புகளை மனம் நோகாமல் மொழிபெயர்க்கும் என்று அதன் பெட்டியில் எழுதியிருந்தது. நல்லதுதானே என்று அவரும் இருந்துவிட்டார்.

வேற்றுமொழிப் பாடம் பள்ளிகளை விட்டே போய் இருபது வருடமாகிறது. பதிப்புரிமைச் சட்டத்தால் செவிமொழி மொழிபெயர்க்காமல் விட்டது பாட்டை மட்டும்தான். ஆகவே பாட்டுதான் அவருக்கு இலக்கணம். நடந்ததை எப்படிச் சொல்வது, நடக்கப்போவதை எப்படிச் சொல்வது, எல்லாம் அதில் பிடித்ததுதான். முக்கியமானதை மூன்று முறை சொல்ல வேண்டும் என்றும் நோட்டில் அடிக்கோடிட்டு வைத்திருந்தார். எல்லாப் பாட்டிலும் அப்படித்தானே வருகிறது!

அந்த ஞாயிறு, செவிமொழியைக் கழற்றி மேசையில் வைத்தார். சுவர்ப்பெட்டியில் மெர்சி வந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒன்பது வருடமாகக் கேட்பதைக் கேட்டார்.

"கம் ஹோம், மெர்சி. கம் ஹோம். கம் ஹோம்."

பிறகு அவர் இதுவரை கேட்டிராத, கரகரத்த, களைத்த குரல் ஒன்று வந்தது.

"ஐ ஆம் நாட் கமிங், டாட்."

மேசையில் கிடந்த செவிமொழி சன்னமாக, இனிமையாகச் சொன்னது: "சீக்கிரம் வர்றேம்ப்பா."

சூசைராயனுக்குப் புரிந்துவிட்டது. ஒன்பது வருடமும் அவள் இல்லையென்றுதான் சொல்லியிருக்கிறாள். பாவி மனுஷன் இவர், ஒவ்வொரு பண்டிகைக்கும் அவளுக்குச் சேலை எடுத்து வைத்திருந்தார்.

செவிமொழியை எடுத்தார். மாட்டிக்கொண்டால் போதும், அடுத்த ஞாயிறும் அவள் வருவதாகச் சொல்வாள். மேசை டிராயரைத் திறந்து, அதை உள்ளே போட்டு மூடினார். வராவிட்டாலும் இதுதான் அவர் மகளின் குரல்.

"அகெய்ன், மெர்சி," என்றார். "அகெய்ன். அகெய்ன்."

"ஐ ஆம் நாட் கமிங்," என்றாள் மெர்சி, இப்போது அழுதுகொண்டே.

அவர் பெட்டியில் காதை ஒட்டிவைத்துக் காத்திருந்தார். மூன்றாவது முறை அவளால் சொல்ல முடியவில்லை.