முந்தி வரும் கூச்சல்

பக்கத்து வீட்டில் கோல் விழுந்துவிட்டது. எல்பியோவின் வீட்டில் இன்னும் விழவில்லை. திரையில் கால்பந்து நடு மைதானத்தில் சோம்பலாக உருண்டுகொண்டிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ருபென் குடும்பம் தொண்டை கிழியக் கத்தி, நாற்காலிகளை இழுத்துத் தள்ளி, நாயையும் குரைக்கவைத்து, அடங்கியும் போயிற்று. அதற்குப் பிறகுதான் எல்பியோவின் தொலைக்காட்சியில் ஆட்டக்காரன் பந்தை வாங்கிக்கொண்டு ஓடத் தொடங்கினான்.

"யோவ் எல்பியோ!" ருபென் ஜன்னலிலிருந்து கத்தினான். "நாங்க கொண்டாடியே முடிச்சாச்சு. உங்க வீட்டுக்கு கோல் என்ன, பஸ் புடிச்சு வருதா?"

எல்பியோ சிரித்துவைத்தார். வேறென்ன செய்வது? கேபிளுக்குப் பணம் கட்டிவந்தவன் அவர் மகன் தாரியோ. போன குளிர்காலத்தில் கடற்கரைச் சாலையில், மழையில், மோட்டார் சைக்கிளோடு சறுக்கி விழுந்தவன் எழுந்திருக்கவே இல்லை. ஓய்வூதியத்தில் கேபிள் கட்டுப்படியாகாது. ஆள் வந்து ஒயரைச் சுருட்டிக்கொண்டு போனபின், சந்தையில் மலிவாக வாங்கிய உள்ளங்கை அகலப் பெட்டி ஒன்று அந்த இடத்தில் உட்கார்ந்தது. இணையத்திலிருந்து எல்லாவற்றையும் பிடித்துத் தரும், கொஞ்சம் பிந்தித் தரும். மொண்டெவிடியோவில் பாதி வீடுகளில் இப்போது இதுதான்.

அவர் மனைவி நில்தா மட்டும் கேபிள்காரன் போன வாசலையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். "அவன் போட்டுக் குடுத்தது. அதையும் கழட்டிட்டுப் போயிட்டாங்க" என்றாள். எல்பியோ அவள் கையைப் பிடித்தார். குச்சி மாதிரி இருந்தது. மகனைப் பறிகொடுத்தாயிற்று, இனி இவளையாவது தக்கவைத்துக்கொள்ள வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு உலகத்தில் வேறு வேலை இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியத்திலிருந்தே மழை. கொழுப்பில் பொரித்த மாவு அப்பத்தின் வாசமும், மாத்தே பானத்துக்கு ஊறிய இலையின் கசந்த வாசமும், ஈரச் சுவரின் நெடியும் கலந்து கூடத்தில் தேங்கி நின்றன. விளக்குப் போடாத கூடத்தில் தொலைக்காட்சியின் நீல வெளிச்சம் மூடிக்கிடந்த தாரியோவின் அறைக் கதவுவரை போய், அதற்குமேல் போகத் தயங்கியதுபோல் நின்றது. ஆட்டம் மந்தமாகப் போய்க்கொண்டிருந்தது. எல்பியோவுக்குக் கண் சொருகியது.

"கோ...ஓ...ல்!"

நீண்டு போய்க் கடைசியில் உடைகிற குரல். பின்னாலேயே சுவரில் முஷ்டியால் இரண்டு குத்து. தாரியோ அப்படித்தான் குத்துவான், சுண்ணாம்பு உதிரும்.

ருபென் வீடு அமைதியாக இருந்தது. சற்றுக் கழித்துத்தான் அங்கே கூச்சல் கிளம்பியது. அதற்கும் பிறகு திரையில் பந்து வலைக்குள் போயிற்று.

அப்பத் தட்டோடு நில்தா வாசற்படியில் நின்றிருந்தாள். "கேட்டியா?"

"ருபென் வீடு."

"ருபென் வீடு இந்தப் பக்கம், கெழவா. சத்தம் அந்தப் பக்கத்துலேருந்து."

அவளே போய்த் தாரியோவின் அறைக் கதவைத் திறந்தாள். கட்டில். மடித்துவைத்த போர்வை. யாரும் இல்லை. ஆனால் அலமாரிக்குள் எப்போதோ காய்ந்துபோன அவனுடைய மழைக்கோட்டின் வாசம், பெட்ரோலும் ஈரமுமாக, இப்போதுதான் நனைந்து வந்ததுபோல் அடித்தது.

அதன்பின் ஞாயிறுதோறும் நில்தா அந்தக் கதவோரமாக நாற்காலியைப் போட்டுக்கொண்டாள். தலை வாரினாள். சாப்பிட்டாள். ஒரு வருடமாகக் கெஞ்சியும் சாப்பிடாதவள்! எல்பியோவால் சந்தோஷப்பட முடியவில்லை. கூச்சல் வாராவாரம் முந்திக்கொண்டே வந்தது. முதலில் ருபென் வீட்டை முந்தியது. பிறகு, ஆட்டம் தொடங்கும் முன்பே அறைக்குள் கோல் விழுந்தது. சாயங்காலம் அதே கோல் திரையில் விழும்போது எல்பியோ முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

"நமக்கு முன்னாடி போயிட்டான்ல," நில்தா சமாதானம் சொல்வதுபோல் சொன்னாள். "அதான் முன்னாடியே பாக்கறான்."

"அந்தப் பெட்டியத் தூக்கி எறியப் போறேன்."

"எறி. அவன் பெட்டியிலயா இருக்கான்?"

பிடுங்கி எறிந்தே விட்டார். மறு ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் திரை கறுப்பாகக் கிடந்தது. நில்தா மாத்தேவுக்குத் தண்ணீர் சுடவைக்க அடுக்களைக்குப் போயிருந்தாள். எல்பியோ கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். இன்றைக்கு ஒன்றும் கேட்காது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார்.

கேட்டது.

கோல் இல்லை. அறைக்குள் கெட்டில் ஒன்று தரையில் விழும் சத்தம். மூடி மட்டும் கழன்று உருண்டு, சுழன்று, நின்றது.

பிறகு ஓர் ஆண் குரல். "நில்தா! நில்தா!"

தாரியோ அம்மாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அது எல்பியோவின் குரல். தாரியோ இறந்த அன்று ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் ஒரே ஒரு முறை அவரிடமிருந்து வெளிவந்த குரல்.

ஓடினார். நில்தா அடுப்பருகில் கெட்டிலும் கையுமாக நின்றிருந்தாள். உயிரோடு. நன்றாக. "என்னப்பா?" என்றாள். அவர் இரண்டு கையாலும் அவளை வாரி அணைத்துக்கொண்டார்.

அவர் முழங்கை பட்டது. கெட்டில் விழுந்தது. மூடி கழன்று உருண்டது. சுழன்றது. நின்றது.

கூடத்துக்கு அப்பால், அறைக்குள்ளிருந்து தாரியோ கூப்பிட்டான். "வாம்மா. ஆட்டம் ஆரம்பிக்கப் போகுது."

அடுத்து ஒரு சிரிப்பு. நில்தாவின் சிரிப்பு. அறைக்குள்ளிருந்து. அவர் மார்பில் சாய்ந்திருந்த நில்தாவோ உதட்டையே அசைக்கவில்லை. தலை சாய்த்து அதைக் கேட்டாள்.

"நானா அது?" என்றாள். "எவ்வளவு நாளாச்சு நான் சிரிச்சு."

"போகாத."

"விடு, எல்பியோ. கொழந்த கூப்பிடறான்."

அவர் விடவில்லை. இன்னும் இறுக்கினார். அவள் கனத்தாள். மெதுவாக, தூக்கம் வந்த பிள்ளை கனப்பதுபோல். இருவரும் சரிந்தார்கள். சுடுதண்ணீர் அவர் காற்சட்டையை நனைத்தது. அவள் தலை மடியில் விழுந்தது. கண்கள் கதவுப் பக்கம். மூடவில்லை.

அறைக்குள் முன்பே கேட்டதில் கெட்டில் ஆயிற்று. மூடி ஆயிற்று. அவர் கத்துவது மட்டும்தான் பாக்கி.

கத்தாவிட்டால் நடக்காது. கத்தாதவரை இது முடியாது.

அறைக்குள் அம்மாவும் மகனும் ஏதோ பேசிச் சிரித்தார்கள். எல்பியோ ஈரத் தரையில், இருட்டத் தொடங்கிய அடுக்களையில், ஒரு கையால் அவள் நெற்றியைத் தடவியபடி, தொண்டைவரை வந்துவிட்ட அவள் பெயரை மறு கையால் வாயோடு சேர்த்துப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.