வளையத்தைத் திருகிய கை

கால்நடை மருத்துவமனையில் மத்தியான இடைவேளை. டாக்டரம்மா சாப்பிடப் போயிருந்தார். எக்ஸ்ரே எடுக்கிறவள் ஈய அங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தபோது, அவள் கொழுந்தன் துணிப்பையும் அசட்டுச் சிரிப்புமாக வாசலில் வந்து நின்றான்.

"அண்ணி, ஒரே ஒரு படம் எடுக்கணும்."

"யாருக்கு, உனக்கா?"

"இவருக்கு." பழைய பனியனில் சுற்றியிருந்ததைப் பிரித்து மேசைமேல் நிறுத்தினான்.

கூம்பு வடிவில் ஓர் அலுமினிய உருப்படி. கைக்குள் அடங்கும் அளவு. இடுப்பைச் சுற்றி எண்கள் பொறித்த ஒரு வளையம்.

"ஃபியூஸ். கரண்ட் போனா மாத்துவோமே, அது இல்ல. பீரங்கிக் குண்டோட மூக்குல இருக்கறது. சுட்டப்புறம் எத்தனை செகண்டுல வெடிக்கணும்னு இந்த வளையத்தைத் திருகி வைப்பாங்க."

பழைய பீரங்கிக் குண்டுகள் என்றால் அவனுக்குப் பித்து. வெற்று ஓடுகளை மாடிப்படி நெடுக அடுக்கியிருந்தான். ஏறும்போதெல்லாம் அவன் மனைவி கால்விரலை இடித்துக்கொண்டு அவன் பரம்பரையையே வம்புக்கு இழுப்பாள். ஆனால் வெடிமருந்து இருக்கிற எதையும் அவன் வாசற்படி தாண்ட விட்டதில்லை. இது ஏலத்தில் எடுத்த பெட்டியின் அடியில் கிடந்தது. காலி என்றுதான் சொன்னார்கள். அவனுக்கு நம்பிக்கை வரவில்லை.

"சந்தேகம்னா இங்கயா தூக்கிட்டு வருவ? உனக்கு அறிவிருக்கா?"

"வளையம் பத்திரக் கோட்டுல இறுகிப்போய் நிக்குது அண்ணி. எண்ணெய் விட்டும் அசையல. அங்க இருக்கற வரைக்கும் ஒண்ணும் ஆகாது."

அவள் தலையில் அடித்துக்கொண்டு விளக்கை அணைத்தாள். இருவரும் தடுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் போனார்கள். பக்கத்து அறைக் கூண்டுகளில் நாய்கள் ஓயாமல் குரைத்துக்கொண்டிருந்தன. பொத்தானை அழுத்தினாள்.

திரையில் ஃபியூஸின் உள்வயிறு பளிச்சென்று வந்தது.

அதைச் சுற்றி விரல் எலும்புகள்.

கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல். மற்ற இரண்டும் அடியோடு இல்லை.

"கை வச்சியா?"

"உங்க பக்கத்துலதானே நிக்கிறேன்."

"முன்னாடி எடுத்த படத்தோட நிழல் சில நேரம் தங்கிடும்" என்றாள். சொல்லும்போதே, கடைசியாக எடுத்தது ஒரு பூனையை என்பது நினைவுக்கு வந்தது.

தகட்டைத் துடைத்துச் சுத்தமாக்கி மறுபடி எடுத்தாள். விரல்கள் இப்போது வளையத்தின்மேல் இருந்தன. வளையம் கோட்டைத் தாண்டியிருந்தது.

கண்ணாடி வழியே பார்த்தார்கள். மேசைமேல் ஃபியூஸைத் தவிர ஒன்றுமில்லை.

கர்ர்...

உலோகத்தை உலோகம் அரைக்கிற மெல்லிய சத்தம். நாய்கள் அத்தனையும் ஒரே நேரத்தில் வாயடைத்தன. எங்கிருந்தோ கருகிய மருந்தின் நெடி வந்து தொண்டையைப் பிடித்தது.

வளையம் தானாகத் திரும்பிக்கொண்டிருந்தது.

ஃபியூஸ் மெல்லச் சாய்ந்தது, யாரோ தூக்கப் பார்ப்பதுபோல.

"கீழ விழுந்தா போச்சு" என்று முணுமுணுத்தபடி கொழுந்தன் பாய்ந்துபோய் அதைப் பற்றினான். வளையத்தைப் பின்னால் திருப்ப முயன்றான். முடியவில்லை. நெற்றி நரம்பு புடைத்தது. அவன் விரல்களில் பள்ளம் விழுந்தது. அழுத்துகிற எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை.

"விட்டுருங்க" என்று கெஞ்சினான். அவன் அவளைப் பார்த்துப் பேசவில்லை. "சண்டை எப்பவோ முடிஞ்சிருச்சு. விட்டுருங்க."

அவனை அப்படியே விட்டுவிட அவளுக்கு மனம் வரவில்லை. ஓடிப்போய் அவன் கைமேல் தன் கையை வைத்து அழுத்தினாள்.

அவள் கை அவன் கைமேல் படியவில்லை.

நடுவில் இன்னொரு கை இருந்தது.

சில்லென்று, காய்த்துப்போய், ஈரமாக.

கத்தக்கூட வராமல், கண்ணை இறுக மூடிக்கொண்டு திருகினாள். அவனும் திருகினான். இழுபறியில் வளையம் மயிரிழை மயிரிழையாகப் பின்வாங்கிக் கோட்டுக்கு வந்தது. அப்போது அந்தக் கை தளர்ந்தது. அவள் மணிக்கட்டை நிதானமாகத் தடவிவிட்டு விலகிப் போனது.

போலீசுக்குச் சொன்னார்கள். வெடிகுண்டுப் பிரிவினர் அதை மணல் வாளியில் வைத்துக் கொண்டுபோய், கைவிட்ட கல்குவாரியில் வெடிக்கச் செய்தார்கள். "உள்ள மருந்து அப்படியே இருந்துச்சு. இன்னும் கொஞ்சம் திரும்பியிருந்தா ஒரு தட்டு போதும்" என்றார் அதிகாரி. கொழுந்தன் விரல்களில் கன்றிப்போன தடங்கள் மறைய வெகுநாளாயிற்று. மாடிப்படி காலியாயிற்று. அவன் மனைவி, காரணம் கேட்காமலே நிம்மதியானாள்.

தடங்கள் மறைந்த பிறகு ஒரு காலையில், நிறைசூலியான ஒரு நாயைக் கொண்டுவந்தார்கள். வயிற்றில் எத்தனை குட்டி என்று பார்க்க வேண்டும். அதைப் பழக்கிய கிழவர் மேசையில் படுக்கவைத்துத் தட்டிக்கொடுத்துவிட்டு வெளியே போனார். அவள் படம் எடுத்தாள்.

சரம் சரமாகக் குட்டி முதுகெலும்புகள். கொட்டைப்பாக்குப் போலச் சின்னச் சின்ன மண்டைகள்.

அவற்றில் ஒன்றை மூன்று விரல்கள் பற்றியிருந்தன.

பின்னால் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்த டாக்டரம்மா, திரையை அரைகுறையாகப் பார்த்தார். "நாய் அசைஞ்சிருச்சு போல, ஏதோ கலங்கலா இருக்கு. இன்னொண்ணு எடுத்துருங்க."

அவள் விரல் பொத்தான்மேல் இருந்தது. அழுத்த வரவில்லை. அடுத்த படத்தில் அந்தக் கை அந்த மண்டையை எந்தப் பக்கம் திருகியிருக்கும் என்று பார்க்க அவளுக்குத் தைரியமில்லை.

"என்னாச்சு, எடுங்க."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், நாய் மெல்லத் தலையைத் திருப்பித் தன் வயிற்றையே உற்றுப் பார்த்தது.